கலர் மாறின யானை

முறுக்குப் பாக்கெட்டுக்குள்ளே வர்ற பிளாஸ்டிக் மிருகம் சேர்க்கிறதெல்லாம் ஒரு தொழிலான்னு கேட்காதீங்க. லீவு கிடையாது, சம்பளம் கிடையாது, வீட்டில் திட்டு மட்டும் தவறாமல் கிடைக்கும், அதனால் தொழில்தான். உங்களில் முத்திரை சேர்க்கிறவங்க, தீப்பெட்டிப் படம் சேர்க்கிறவங்க, சோடா மூடி சேர்க்கிறவங்க இருந்தால் என் கஷ்டம் உங்களுக்குப் புரியும். மற்றவங்க சிரிச்சுட்டுப் போங்க. எங்க வீட்டுக்காரரும் அதைத்தான் செய்யுறார்.

அரைச் சிங்கம்

எங்க தோட்டம் தெமோதரை ஸ்டேஷனுக்கு மேலே இருக்கு. நான் அஞ்சாம் வகுப்போட நின்னுட்டு, கொஞ்ச வருஷத்தில் தேயிலை ஃபேக்டரியில் குச்சி பொறுக்குற வேலைக்குச் சேர்ந்தவ. காய்ஞ்சு வந்த கறுப்புத் தேயிலையைப் பரப்பி வச்சு, அதுக்குள்ளே கிடக்குற செவந்த குச்சியையும் நாரையும் கையால் பொறுக்கி எடுக்கணும். காலையிலிருந்து சாயந்தரம் வரைக்கும் கறுப்புக்குள்ளே செவப்பைத் தேடுறதுதான் வேலை. வருஷக்கணக்கா அதைச் செஞ்சால் கண்ணு சும்மா இருக்குமா? சேலையில் ஒரு நூல் கலர் மாறி ஓடினாலும் பிடிச்சிரும்.

மகள் செல்விக்கு அப்போ மூணு வயசு. அவளுக்கு வாங்கின முறுக்குப் பாக்கெட்டிலிருந்து ஒரு சிங்கம் விழுந்தது. பெருவிரல் நகம் அளவுதான் இருக்கும். அந்தப் பாக்கெட்டில் வர்றது பத்து மிருகம். செவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், வெள்ளை, இந்த அஞ்சு கலர்தான் வரும். இந்தச் சிங்கத்துக்கோ உடம்பு மஞ்சள், பிடரி பச்சை. நடுவில் ரெண்டும் குழைஞ்சு கிடந்தது. கொழும்பில் பிளாஸ்டிக் வாளி செய்யுற இடத்தில் வேலை செய்யுற என் தம்பி தீபாவளிக்கு வந்தப்போ காட்டினேன். மிஷினில் ஒரு கலர் முடிஞ்சு அடுத்த கலரைப் போடும்போது முதலில் விழுற நாலஞ்சு இப்படித்தான் கலந்து விழுமாம். அதைக் கழிச்சுப் போட்டுருவாங்களாம். யாரோ அசந்துட்டாங்க, சிங்கம் தப்பிச்சு எங்க லயத்து வீட்டு வரிசைக்கு வந்திருச்சு.

அன்னைக்குப் பிடிச்ச பைத்தியம். பத்து மிருகத்தையும் கலர் மாறினதாகவே சேர்த்துடணும்னு முடிவு பண்ணினேன். மறுநாள் முந்தானையில் முடிஞ்சு கொண்டுபோய், என் பக்கத்தில் உட்கார்ந்து குச்சி பொறுக்குற சரசு அக்காவுக்குக் காட்டினேன். அக்கா சிங்கத்தைப் பார்த்துட்டு என்னைப் பார்த்தாங்க. "பகல் பூரா கழிவைப் பொறுக்குற, வீட்டுக்குப் போயும் கழிவையே பொறுக்கப் போறியாடி? ஓவர்டைம் யாரு குடுப்பா?"

தடவிப் பார்க்கிறது

பாக்கெட்டை உடைக்காமல் உள்ளே என்ன மிருகம்னு கண்டுபிடிக்கலாம். விரலால் மெதுவா அமுக்கினால் போதும். கழுத்து நீளமா இருந்தால் ஒட்டகம், காது தட்டுப்பட்டால் முயல். ஆனால் கலரைத் தடவிப் பார்க்க முடியுமா? அதுதான் இந்த வேலையில் இருக்கிற வேதனை. இதைச் சேர்க்கிறவங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

ஸ்டேஷன் ரோட்டில் ஒரு நானாவின் கடை, முஸ்லிம் கடைக்காரரை நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம். எனக்கு ஆளுங்ககிட்டப் பேசக் கூச்சம். "முறுக்கு ஒண்ணு குடுங்க" என்கிறதையே மனசுக்குள்ளே நாலு தரம் சொல்லிப் பார்த்துட்டுத்தான் கடைக்குள்ளே போவேன். அதனால் பேசாமல் ஓரமா நின்னு, தொங்குற பாக்கெட்டை ஒவ்வொண்ணா அமுக்கிப் பார்த்துட்டு, யானைத் தும்பிக்கை மாதிரி ஏதாவது தட்டுப்பட்டால் அதைப் பிய்ச்சு நீட்டுவேன். நானாவும் ஒண்ணும் சொல்ல மாட்டார். இப்படி ஒரு வருஷம் போச்சு. ஒருநாள் அவரே ஒரு பாக்கெட்டை எடுத்து என் முன்னாலே ஆட்டிக் காட்டினார். உள்ளே கலகலன்னு சத்தம் வரலை, சரசரன்னு வந்தது. "புள்ள, நீங்க தடவித் தடவி என் கடையில ஒரு முழு முறுக்கு இல்ல. எல்லாம் மாவுதான் ஈக்கி. நாளைக்கு வாறப்ப சீனியும் கொண்டு வாங்க, பலகாரம் சுட்டுருவம்."

லெட்சுமியின் மஞ்சள் முயல்

நான் கலர் மாறினது தேடுறேன்னு லயம் பூரா தெரிஞ்சு போச்சு. யாரு கொண்டுவந்தாலும் ஒரு புது முறுக்குப் பாக்கெட் கொடுப்பேன். அவ்வளவுதான், ஊரில் இருக்கிற மிருகமெல்லாம் கலர் மாற ஆரம்பிச்சிருச்சு. குங்குமம் தடவின குதிரை வந்தது. நகத்துக் கியூடெக்ஸ் பூசின புலி வந்தது. மோந்து பார்த்தாலே தெரியும், ஆனால் திருப்பிக் கொடுக்க எனக்கு வாய் வராது. பாக்கெட்டைக் கொடுத்துட்டுத் தலையைக் குனிஞ்சுக்குவேன்.

லயத்தில் எங்களுக்கு அடுத்த காம்பரா வீட்டில் இருக்கிற லெட்சுமி ஒரு முயல் கொண்டுவந்தாள். பளிச்சுன்னு ஒரு மஞ்சள். கம்பெனி மஞ்சள் அது இல்லை. கையில் வாங்கினேன், என் விரலும் மஞ்சளாச்சு. வெள்ளை முயலை ராத்திரி பூரா மஞ்சள் தண்ணியில் ஊறப் போட்டிருக்கிறாள். அவள் என் வயசுக்காரி, அதனால் தைரியத்தை வரவழைச்சு, "இது நீ சாயம் போட்டதுடி" என்றேன். லெட்சுமி இடுப்பில் கையை வச்சுக்கிட்டாள். "கலர் மாறியிருக்கா இல்லையா? எப்படி மாறுச்சுன்னு நீ எதுக்குக் கேக்குற?"

லுணுகலை வரைக்கும்

ரெண்டு வருஷத்தில் ஒன்பது மிருகம் சேர்ந்திருச்சு. சாயம் போட்டது எதுவும் அதில் கிடையாது, எல்லாம் மிஷினில் கலந்தது. யானை மட்டும் அமையலை. எங்கே யானை மாதிரி எது தெரிஞ்சாலும் நெஞ்சு அடிச்சுக்கும்.

ஒருநாள் பதுளையிலிருந்து பசறையில் இருக்கிற என் கூடப் பிறந்த அக்கா வீட்டுக்குப் போக, அந்த வழியாப் போற லுணுகலை பஸ்ஸில் ஏறினேன். பின்னால்தான் நிக்க இடம் கிடைச்சது. அங்கேயிருந்து பார்த்தால், டிரைவர் முன்னாலே கண்ணாடிக்கிட்டே ஒரு சின்ன யானை. முதுகுதான் தெரிஞ்சது, காது ரெண்டும் விரிஞ்சிருந்தது. சாம்பலும் நீலமும் கலந்த கலர்! எங்க அஞ்சு கலரில் அப்படி ஒண்ணு கிடையாது. கேட்கணும். ஆனால் எப்படிக் கேட்கிறது? இந்த வளைவு தாண்டட்டும், அந்தப் பாலம் தாண்டட்டும்னு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தேன். பசறை போயிருச்சு. இறங்கலை. கூட்டம் குறைஞ்சு, கடைசியா லுணுகலையில் எல்லாரும் இறங்கின பிறகு, முன்னாலே போய் விரலை நீட்டி, "அண்ணே, அந்த யானை..." என்றேன். டிரைவர் அதை எடுத்து என் பக்கம் திருப்பினார். பிள்ளையார். நெத்தியில் சந்தனம், காலடியில் காய்ஞ்ச பூ. "தங்கச்சி, இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தே? பரவால்ல, வந்தது வந்துட்ட, கும்பிட்டுட்டு எறங்கு."

கணக்கு சாரும் பத்து மிருகமும்

இதே பைத்தியம் பிடிச்ச இன்னொரு ஆள் எங்க தோட்டத்திலேயே இருக்கிறார்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சது. நானா கடையில் ஒருநாள் நான் ஒரு பக்கம் பாக்கெட்டை அமுக்கிக்கிட்டு இருக்கேன், மறு பக்கத்திலிருந்து வெள்ளைச் சட்டைக் கை ஒண்ணு வந்து அதே பாக்கெட் சரத்தை அமுக்குது. நிமிர்ந்து பார்த்தால் ஸ்கூல் கணக்கு சார். யாழ்ப்பாணத்துக்காரர். அவ்வளவு பெரிய மனுஷர் முறுக்குப் பாக்கெட்டைத் தடவுறதைப் பார்த்து நான் கூச்சப்பட்டேன், நான் பார்த்துட்டேன்னு அவர் கூச்சப்பட்டார். நானாதான் சிரிச்சார்.

அப்போ சண்டையால் யாழ்ப்பாணத்துப் பாதை மூடிக் கிடந்த காலம். சாருடைய சம்சாரமும் ஒரே மகளும் அங்கே. மகள் ஆறு வயசில் ஒரு கடிதம் போட்டாளாம், கலர் மாறின மிருகம் கிடைச்சால் எடுத்து வையுங்கோன்னு. அன்னையிலிருந்து சேர்க்கிறார். அவர்கிட்டேயும் ஒன்பது இருந்தது. அவருக்கும் யானைதான் இல்லை. இந்தப் பக்கத்துக் கடைக்கு வந்த முறுக்குப் பெட்டியில் கலந்த யானையே விழலை போல. அதுக்குப் பிறகு செல்வியை ஸ்கூலில் விடப் போறப்பெல்லாம் அவர் கேட்டில் நின்னு ஒரு வார்த்தை கேட்பார், நான் தலையை ஆட்டுவேன், அவ்வளவுதான் எங்க பேச்சு. "யானை வந்ததோ, பிள்ளை?"

கிடைச்சிருச்சு

எங்க வீட்டுக்காரர் அதே ஃபேக்டரியில் கொழுந்து அரைக்கிற பக்கம் வேலை. அரைச்ச கொழுந்தைப் பரப்பி வைக்கிற ரூமைக் கழுவும்போது, தண்ணி ஓடுற கானுக்குள்ளே ஏதோ அடைச்சிருக்குன்னு கையை விட்டிருக்கிறார். யானை! யாரோ ஒரு பிள்ளை, அம்மாவுடைய கொழுந்துக் கூடைக்குள்ளே போட்டிருக்கணும். பாக்கெட்டைத் தடவித் தடவித் தேடின எனக்கு, பாக்கெட்டில் வராத யானை கானில் வந்தது.

அது செவப்பும் இல்லை, மஞ்சளும் இல்லை. நல்ல காப்பி நிறம், செம்பு மாதிரி ஒரு மினுக்கம். மூணு வருஷத்தில் அப்படி ஒரு கலரை நான் பார்த்ததே இல்லை. பத்து மிருகத்தையும் வரிசையா நிறுத்தி வச்சேன். லயமே வந்து பார்த்துட்டுப் போச்சு. வந்தவங்க விட்ட பெருமூச்சில் மாமியாருக்குப் பயம் வந்திருச்சு. கண் மையைத் தொட்டு, யானை முதுகில் பெரிசா ஒரு திருஷ்டிப் பொட்டு வச்சுட்டாங்க. நான் பதறிப் போய், "என்னங்க மாமி இது, கிடைச்சது கிடைச்ச மாதிரி இருக்கணுமே!" என்றேன். பக்கத்தில் நின்ன சரசு அக்காவுக்குத்தான் சந்தோஷம். "மாமியார் மருமகளுக்கு வைக்காத பொட்டை யானைக்கு வச்சிருக்காங்க, பேசாம இரு."

சார் திருப்பிக் கொடுத்தது

மறுநாள் மிருகம் வச்சிருக்கிற பெட்டியோட ஸ்கூல் கேட்டுக்குப் போனேன். இன்னைக்குத் தலையை ஆட்ட வேண்டாம், காட்டினால் போதும். சார் யானையை உள்ளங்கையில் வச்சுப் பார்த்தார். பொட்டைப் பார்த்துச் சிரிச்சார். "வடிவான யானை" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். பாதை திறந்திருச்சு, வியாழக்கிழமை ஸ்கூல் லீவு விடுது, வெள்ளிக்கிழமை காலை ரயிலில் கொழும்புக்குப் போய் அங்கேயிருந்து ஊருக்குப் போறார். மூணு வருஷத்துக்குப் பிறகு மகளைப் பார்க்கப் போறார். இதைச் சொல்லும்போது அவர் என் செல்வியைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தார். கடிதம் போட்டப்போ அவர் மகளுக்கு இருந்த மாதிரி, அவளுக்கும் அப்போ ஆறு வயசு.

உங்களில் எத்தனை பேருக்கு இந்த நிலைமை வந்திருக்கும்னு தெரியலை. மூணு வருஷம் தேடின ஒண்ணு, ஒரே ஒரு ராத்திரிதான் பெட்டியில் இருந்திருக்கு. நான் வாயைத் திறந்து, "சாரே எடுத்துட்டுப் போங்க" என்றேன். வேண்டாம் வேண்டாம்னு ரெண்டு கையையும் ஆட்டினார். "பொட்டை அழிச்சுட்டு வெள்ளிக்கிழமை ஸ்டேஷனுக்குக் கொண்டுவர்றேங்க" என்றுட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். பின்னால் சார் குரல் மட்டும் கேட்டது. "பிள்ளை, பொட்டு நிக்கட்டும், யானை சுகமா வந்து சேரும்!"

தேசிக்காய்

நான் அந்தப் பேச்சைக் கேட்டிருக்கணும். கேட்கலை. மகளுக்குக் கொண்டுபோறது சுத்தமா இருக்கட்டும்னு வியாழக்கிழமை சாயந்தரம் பொட்டை அழிக்க உட்கார்ந்தேன். சவுக்காரம் போட்டுக் கழுவலை. தேத்தண்ணிக் கோப்பை தேய்க்கிற மாதிரி, தேசிக்காயை, அதாங்க எலுமிச்சையை, வெட்டி உப்பில் தொட்டுத் தேய்ச்சேன். பொட்டு போச்சு. பொட்டோட சேர்ந்து காப்பி நிறமும் போச்சு. முதுகில் பொட்டு இருந்த அளவுக்கு வெள்ளை. தினம் கோப்பையில் பார்க்கிற அதே வெள்ளை.

காப்பியும் இல்லை, செம்பும் இல்லை, தேயிலைக் கறை. அரைச்ச கொழுந்துச் சாறு ஓடுற கானில் மாசக்கணக்கில் கிடந்த சாதாரண வெள்ளை யானை. ஊரார் கொண்டுவந்த குங்குமத்தையும் கியூடெக்ஸையும் மோந்தே கண்டுபிடிச்சவ, தேயிலைத் தூசியிலேயே வேலை செய்யுறவ, தேயிலையைக் கண்டுபிடிக்கலை. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "அதே இடத்தில் மறுபடி பொட்டை வச்சிரு. சார் யாழ்ப்பாணம் போய்ச் சேருற வரைக்கும் யாருக்கும் தெரியாது" என்றார். மாமியார் மைச் சிமிழைக்கூட எடுத்துட்டு வந்துட்டாங்க. நான் சிமிழை வாங்கினேன். திறந்தேன். அந்த நேரம் பார்த்து வாசலில் வந்து நின்ன சரசு அக்காகிட்டே விஷயத்தைச் சொன்னேன், அவங்களாவது ஒரு வழி சொல்லுவாங்கன்னு. அக்கா சிரிச்சுச் சிரிச்சு வாசப்படியிலேயே உட்கார்ந்துட்டாங்க. "தேயிலை நிறம் தெரியலைன்னு மட்டும் வெளியே சொல்லிராத, தோட்டத்துத் துரை உன்னையும் என்னையும் சேர்த்து வேலையை விட்டு நிப்பாட்டிருவாரு."

வெள்ளிக்கிழமை காலை

பொட்டு வைக்கலை. ஏன்னு கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியலை. சார் மூணு வருஷம் கழிச்சுப் போய் மகள் கையில் கொடுக்கிற பொருள், அந்தப் பிள்ளை ஒருநாள் தேய்ச்சுப் பார்த்துட்டு அப்பாவை யாரோ ஏமாத்திட்டாங்கன்னு நினைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஸ்டேஷனுக்கு நடக்கும்போது சொல்ல வேண்டியதை மனசுக்குள்ளே சொல்லிக்கிட்டே போனேன். நாலு தரம் இல்லை, நாற்பது தரம். சார் பையோட பிளாட்ஃபாரத்தில் நின்னார். என் முகத்தைப் பார்த்ததுமே, "மனம் மாறிட்டுதோ பிள்ளை? குடுக்காட்டிலும் பரவாயில்லை" என்றார். அதைக் கேட்டதும் படிச்சு வச்சதெல்லாம் மறந்து போச்சு. "இல்லைங்க சார், இது கலர் மாறினது இல்லைங்க, தேயிலைக் கறைங்க, வெள்ளை யானைதாங்க, ஃபேக்டரிக் கானில் கெடந்ததுங்க, நான் பொய் சொல்லலைங்க, எனக்கே நேத்துதாங்க தெரியும்" என்று மூச்சு விடாமல் சொன்னேன். கல்யாணத்துக்குப் பிறகு வெளி ஆள் ஒருத்தர்கிட்டே நான் பேசின பெரிய பேச்சு அதுதான்.

சார் யானையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த வெள்ளை இடத்தை விரலால் தடவினார். ரயில் வர்ற சத்தம் கேட்டது. "இதைச் சொல்லவோ இவ்வளவு தூரம் நடந்து வந்தனீர்?" என்றார். யானையை நான் திரும்ப வாங்கக் கையை நீட்டினேன். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுப் பித்தானைப் பூட்டினார். "என்ர மகளுக்கு இப்ப மிருகம் பிடிக்குமோ, இல்லையோ எண்டே எனக்குத் தெரியாது, பிள்ளை. கறையைப் பற்றி யோசிக்க எனக்கு நேரமில்லை."

லீவு முடிஞ்சு

அந்த லீவு பூரா எனக்கு வேலை ஓடலை. கறுப்புக்குள்ளே செவப்பைத் தேடுறப்போ, அந்தப் பிள்ளை யானையைப் பார்த்து உதட்டைப் பிதுக்குற மாதிரி தெரியும். குச்சியை விட்டுட்டுத் தேயிலையைப் பொறுக்கிப் போட்டேன்.

ஸ்கூல் தொடங்கின அன்னைக்கு சார் கேட்டில் நின்னார். ஒரு கையில் ஓலையில் பொதிஞ்ச பனைவெல்லம், பனங்கட்டிக் குட்டான், இன்னொரு கையில் ஒரு சின்ன டப்பா. டப்பாவைத் திறந்து காட்டினார். அவருடைய ஒன்பது மிருகமும் போன மாதிரியே திரும்பி வந்திருந்தது. சார் சொன்னார்: மகள் இப்போ முத்திரை சேர்க்கிறாளாம். முதல் ரெண்டு நாள் அவர்கிட்டே சரியாப் பேசவே இல்லையாம், யாரோ விருந்தாளி வந்த மாதிரி தள்ளித் தள்ளி நின்னாளாம். ஒன்பதையும் வரிசையா வச்சுக் காட்டினதுக்கு, "வடிவாயிருக்கு" என்று மரியாதைக்குச் சொல்லிட்டுப் போய்ட்டாளாம். யானையைக் கையில் எடுத்தவள் மட்டும், முதுகில் ஏன் வெள்ளைன்னு கேட்டிருக்கிறாள். அவர் ஃபேக்டரியைச் சொல்ல, கானைச் சொல்ல, பொட்டைச் சொல்ல, தேசிக்காயைச் சொல்ல, பக்கத்தில் வந்து ஒட்டி உட்கார்ந்துட்டாளாம். அதுக்குப் பிறகு தினமும் தூங்கப் போகும் முன்னே அந்தக் கதையை முதலிலிருந்து சொல்லச் சொல்லிக் கேட்டாளாம். யானை இப்போ அவளுடைய பென்சில் பெட்டிக்குள்ளே இருக்காம்.

நான் கண்ணைத் துடைக்கிறதைப் பார்க்காத மாதிரி சார் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கிட்டார். டப்பாவை என் கையில் வச்சார். "மகள் சொல்லி விட்டவள், 'இந்த ஒன்பதையும் அந்த அன்ரிக்கே குடுங்கோ அப்பா, ஆனா யானையைத் திருப்பிக் கேக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ' எண்டு."

ஆக, கலர் மாறின மிருகம் பதினெட்டுக்கு இன்னைக்கு நான் சொந்தக்காரி, ஆனால் இந்த வேலையில் பெட்டி நிறைஞ்சால் செட்டு நிறைஞ்சதா அர்த்தம் கிடையாது.